கூறப்படுகிறது

1996 ஜூலையில் ஒரு விடியற்காலை. மெரினாவை ஒட்டிய மீனவர் குப்பத்தில் கையில் நோட்டோடு நின்றுகொண்டிருந்தேன். சென்னைப் பல்கலைக்கழகத்தின் சேப்பாக்கம் வளாகத்தில் இதழியல் முதுகலையில் சேர்ந்து இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது. கடற்கரைக்குப் போய்ப் பார்த்ததை நூற்றைம்பது சொல்லில் எழுதி வாருங்கள் என்பதுதான் எங்களுக்குத் தரப்பட்ட முதல் வேலை. கோவில்பட்டிக் கரிசலிலிருந்து வந்த எனக்குக் கடலே புதிது. கட்டுமரங்கள் ஒவ்வொன்றாகக் கரையேறின. சங்கராவும் நெத்திலியும் மணலில் கொட்டப்பட்டன. பெண்கள் சுற்றி நின்று ஏலம் கேட்டார்கள். விடுதிக்குத் திரும்பி மூன்று முறை அடித்துத் திருத்தி எழுதினேன். கடைசி வரி இது: ‘கடந்த சில நாட்களாக மீன்வரத்து குறைந்துள்ளதாகக் கூறப்படுகிறது.’

அந்த வரியில் எனக்கு ரொம்பத் திருப்தி. அப்பா வாங்கிய நாளிதழைப் பத்து வருடம் ஒரு வரி விடாமல் படித்தவள் நான். செய்தி என்றால் இப்படித்தான் முடியும் என்று நம்பியிருந்தேன்.

எங்களுக்கு அந்தப் பாடம் எடுத்தவர் ஒரு நாளிதழில் செய்தி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். வாரத்தில் இரண்டு நாள் வருவார். வேட்டி, முழுக்கைச் சட்டை, பையில் சிவப்பு மைப் பேனா. என் தாளைத் திருப்பித் தந்தபோது ஒரே ஒரு சொல்தான் வட்டமிடப்பட்டிருந்தது.

“இதை யாரும்மா சொன்னது?”

“அங்க எல்லாரும் பேசிக்கிட்டாங்க சார்.”

“எல்லாரும்னு ஒரு ஆள் கிடையாது. யார்கிட்டயாவது பேர் கேட்டியா?”

கேட்கவில்லை.

“நாளைக்குப் போய்க் கேட்டுட்டு வா.”

மறுநாள் போனேன். ஏலம் முடிந்து கூடையைத் தூக்கப் போன ஒரு அம்மாளை நிறுத்திப் பெயர் கேட்டேன், வயது கேட்டேன், பிறகு மீன்வரத்து பற்றிக் கேட்டேன். நேற்றுதான் கம்மி, அதற்கு முந்தின நாள் நல்ல பாடு என்றார். பக்கத்தில் வலை உதறிக்கொண்டிருந்தவரும் அதையே சொன்னார். ஒரு நாள் பாடு குறைந்ததை வைத்து நான் ‘கடந்த சில நாட்களாக’ என்று எழுதியிருக்கிறேன். இத்தனைக்கும் அங்கே யாரும் என்னிடம் பொய் சொல்லவில்லை. நானேதான் அந்தப் பொய்யைச் செய்தேன், அதைச் செய்கிறேன் என்பதுகூடத் தெரியாமல்.

சேப்பாக்கத்தில் இதழியல் கற்பித்தல் 1947இல் தொடங்கியது. நாட்டிலேயே பழைய இதழியல் துறைகளில் ஒன்று. நான் சேர்ந்தபோது பாடமெல்லாம் ஆங்கிலத்தில். நூலகத்தில் இருந்த புத்தகங்களில் பெரும்பாலானவை அமெரிக்காவில் எழுதப்பட்டவை. தமிழ்வழியில் படித்து வந்த எங்களில் பலர் முதல் பருவம் முழுக்க வாய் திறக்கவில்லை. தலைகீழ் பிரமிடு என்று பலகையில் வரைந்து காட்டுவார்கள்: முக்கியமானது மேலே, அடுத்தது அதற்குக் கீழே, வெட்டினாலும் நஷ்டமில்லாதது அடியில். யார், என்ன, எங்கே, எப்போது, ஏன், எப்படி என்ற ஆறு கேள்விக்கும் முதல் பத்தியிலேயே விடை இருக்க வேண்டும். படிக்கும்போது எளிமையாக இருந்தது. தமிழில் எழுத உட்கார்ந்தபோதுதான் முட்டியது.

முட்டிய இடத்தைச் சார்தான் தொட்டுக் காட்டினார். ஆங்கில வாக்கியத்தில் வினை முன்னாலேயே வந்துவிடும். தமிழில் வினைமுற்று கடைசியில். ஆங்கிலச் செய்தியின் முதல் பத்தியை அப்படியே தமிழாக்கினால், பேருந்தில் இருந்தவர்கள் இறந்தார்களா பிழைத்தார்களா என்று தெரிய வாசகர் முப்பதாவது சொல் வரை மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். ஆகவே வாக்கியத்தை ஒடி என்பார். ஒன்றை மூன்றாக்கு. டீக்கடையில் ஒருவர் உரக்கப் படிக்க நான்கு பேர் கேட்பார்கள், அந்த நான்காவது ஆளுக்குப் புரிய வேண்டும். சி.பா. ஆதித்தனாரின் ‘இதழாளர் கையேடு’ புத்தகத்தை அவர்தான் எங்களுக்குக் காட்டினார். 1942இல் மதுரையில் ‘தந்தி’யைத் தொடங்கியவர், சாதாரண மக்கள் வாயில் புழங்கும் சொல்லை எடுத்து எழுத வேண்டும் என்பதைத் தம் நிருபர்களுக்குத் தொழில் விதியாகவே வைத்திருந்தார். ஆங்கிலப் பாடநூல்கள் பத்தில் கிடைக்காதது அந்தச் சிறு புத்தகத்தில் கிடைத்தது என்று இன்றும் நினைக்கிறேன்.

அடுத்த முட்டல் இன்னும் ஆழமானது. சொன்னவர் பெயரை ஆங்கிலத்தில் வாக்கியத்தின் வாலில் ஒட்டிவிடலாம். தமிழில் சொன்னவரை முன்னால் நிறுத்தினால்தான் கடைசியில் ‘கூறினார்’ என்று முடிக்க முடியும். சொன்னவர் யாரென்று தெரியாதபோது அந்தக் காலி இடத்தில் ‘கூறப்படுகிறது’ வந்து உட்கார்ந்துகொள்ளும். கூடவே ‘தெரிகிறது’, ‘நம்பப்படுகிறது’, ‘பேசப்படுகிறது’. நம் பேச்சுத் தமிழில் இந்தச் சிக்கலே இல்லை. ‘வந்தாராம்’, ‘போனாராம்’ என்று ஒரு ‘ஆம்’ போட்டுவிட்டால் கேட்பவருக்குத் தெரியும், இது காதில் விழுந்த சேதி, பார்த்துச் சொன்னதல்ல. எங்கள் ஆச்சி அந்த ‘ஆம்’ விட்டுப் பேசி நான் கேட்டதில்லை. ‘கூறப்படுகிறது’ அதே காற்றுவாக்குச் சேதிக்குச் சட்டை மாட்டி, தலை வாரி, அரசாணை மாதிரி நிற்க வைத்துவிடுகிறது.

மாலையில் திருவல்லிக்கேணி வழியாக விடுதிக்கு நடப்பேன். துளசிங்கப் பெருமாள் கோயில் தெருவில் பாரதி கடைசியாக வாழ்ந்த வீடு நினைவில்லமாக இருக்கிறது. கவிஞன் வீடு என்று எல்லோரும் பார்க்கிற அந்த வீட்டை நான் ஓர் உதவி ஆசிரியரின் வீடாகப் பார்க்கப் பழகினேன். 1904இல் அவர் சென்னைக்கு வந்தது ‘சுதேசமித்திர’னில் உதவி ஆசிரியராக. ஆங்கிலச் செய்திகளைத் தமிழாக்குவதுதான் அன்றாட வேலை. வெளியூர்களிலும் புதுச்சேரியிலும் கழித்த ஆண்டுகளுக்குப் பிறகு, 1920இல் திரும்பி வந்ததும் அதே பத்திரிகைக்குத்தான். எந்தச் சொல்லுக்கு எந்தத் தமிழ் என்று அவரும் ராத்திரி உட்கார்ந்து யோசித்திருப்பார் என்ற நினைப்பு அந்த இரண்டு வருடம் எனக்குப் பெரிய துணை.

ஊடகச் சட்ட வகுப்பில் அப்போது புதிதாகப் பேசப்பட்ட தீர்ப்பு, 1994இல் உச்ச நீதிமன்றம் சொன்ன ராஜகோபால் எதிர் தமிழ்நாடு அரசு. ஆட்டோ சங்கர் சிறையில் எழுதிய தன் வரலாற்றை வெளியிட ‘நக்கீரன்’ முனைந்தது, அதிகாரிகள் தடுக்கப் பார்த்தார்கள். வெளிவரும் முன்பே தடுக்க அரசுக்கு அதிகாரமில்லை, பொது ஆவணங்களில் உள்ளதை எழுதலாம் என்றது நீதிமன்றம். எங்கள் வகுப்பே கைதட்டாத குறை. அதே தீர்ப்பின் மறுபாதியும் எங்கள் நோட்டில் இருந்தது: ஒருவருடைய குடும்பம், திருமணம், அந்தரங்க வாழ்க்கை பற்றி அவர் சம்மதமின்றி எழுதுவது அவர் உரிமையை மீறுவது. தேர்வுக்காக இரண்டையும் மனப்பாடம் செய்தேன். மனதில் நின்றது முதல் பாதி மட்டும்.

ஊருக்குப் போனால் ஒரே கேள்விதான். “படிச்சு முடிச்சா என்ன வேலை?” டீச்சர் டிரெயினிங் போயிருந்தால் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். ‘பேப்பர்ல எழுதுவேன்’ என்றால் சித்தப்பா, “அதுக்கு எதுக்குப் படிக்கணும்?” என்பார். நியாயமான கேள்வி. படிக்காமலே இந்தத் தொழிலில் கொடிகட்டியவர்கள் தமிழில் நிறைய உண்டு. எனக்கு அன்று பதில் தெரியவில்லை.

எங்கள் வகுப்பில் 18 பேர். நாளிதழுக்குப் போனவர்கள் ஐந்து பேர்தான். 1993இல் சன் டிவி வந்ததிலிருந்து தமிழில் தனியார் தொலைக்காட்சிகள் முளைத்துக்கொண்டிருந்த நேரம். கேமரா முன்னால் நிற்கும் ஆசையோடு வந்தவர்கள் அங்கே போனார்கள், பெரும்பாலும் கேமராவுக்குப் பின்னால், எடிட்டிங் அறையில் அமர்ந்தார்கள். ஒருத்திக்கு வானொலி. டெல்லியிலிருந்து சரோஜ் நாராயண்சுவாமியின் குரலில் தமிழ்ச் செய்தி கேட்டு வளர்ந்த தலைமுறை நாங்கள். அவள் நிலையத்தில் பகுதிநேரச் செய்தி வாசிப்பாளராகத் தேர்வானபோது, எங்களில் யாருக்கும் வேலை கிடைக்காத அந்த மாதத்தில், விடுதி மெஸ்ஸில் எல்லோரும் கேசரி சாப்பிட்டோம். விளம்பர நிறுவனத்துக்குப் போனவன் ஒருவன், பெரிய மருத்துவமனையில் மக்கள் தொடர்பு பார்க்கப் போனவள் ஒருத்தி, பிறமொழிப் படங்களுக்குத் தமிழில் வசனப் பட்டை எழுதுபவன் ஒருவன். பல்கலைக்கழகத்திலேயே தங்கி ஆராய்ச்சி செய்து பேராசிரியரானவர்கள் இருவர்.

இவர்களில் நான் அதிகம் நினைப்பது, தேர்வு எழுதி அரசின் செய்தி மக்கள் தொடர்புத் துறையில் சேர்ந்த நண்பனை. அரசுக்கு எழுதப் போய்விட்டான், இனி அவன் பத்திரிகையாளன் இல்லை என்று எங்களுக்குள் கொஞ்சம் குறைவாகவே பேசினோம். 2004 டிசம்பர் 26 சுனாமியில் தமிழ்நாட்டிலேயே அதிகமாக அடிபட்ட மாவட்டம் நாகப்பட்டினம். ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் அங்கே மட்டும் போனார்கள். பக்கத்து மாவட்டத்திலிருந்து அவனை அங்கே அனுப்பினார்கள். இறந்தவர் பட்டியல்களைச் சரிபார்ப்பது அவன் பங்குக்கு வந்த வேலைகளில் ஒன்று. ஒரே பெண் அப்பா பெயரின் முதலெழுத்தோடு ஒரு பட்டியலில் இருப்பாள், கணவன் பெயரின் முதலெழுத்தோடு இன்னொரு பட்டியலில் இருப்பாள். ஒரே பெயர், ஒரே முதலெழுத்து, ஆனால் இரண்டு வெவ்வேறு குழந்தைகள், அவர்களை யாரோ ஒன்றாக்கி அடித்திருப்பார்கள். அவன் ஒவ்வொரு பெயருக்கும் குப்பம் குப்பமாகப் போய், உறவினர் ஒருவரைத் தேடிப் பிடித்து, மறுபடி கேட்டிருக்கிறான். “வீடு வீடான்னு சொல்ல முடியாது, வீடு எங்க இருந்தது? ஆளைத் தேடித்தான் கேட்டேன்” என்று பிறகொரு நாள் சொன்னான். சாரின் சிவப்பு வட்டத்தை எங்கள் எல்லோரையும் விட ஒழுங்காகப் படித்தவன் அவன்தான். அவன் பத்திரிகையாளன் இல்லையென்றால் நாங்கள் யார் என்று அன்று வெட்கமாக இருந்தது.

சம்பளத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், இந்தப் படிப்புக்கு வருபவர்களிடம் யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. உழைக்கும் பத்திரிகையாளர்களுக்கென்று 1955லேயே சட்டம் வந்தது, அதன்கீழ் ஊதியக் குழுக்களும் அமைந்தன. ஆனால் தாலுகா நிருபர் என்று ஊரே அழைக்கிற ஆள் பல இடங்களில் பகுதிநேரம்தான். வருகிற செய்திக்கு ஏதோ கொஞ்சம், பிடித்துத் தரும் விளம்பரத்துக்குக் கமிஷன். காலையில் எந்தக் கடைக்காரரிடம் பொங்கல் வாழ்த்து விளம்பரம் கேட்டாரோ, மாலையில் அவர் கடை முன்னால் ஓடும் சாக்கடையைப் பற்றி அவரே எழுத வேண்டும். இப்படிப்பட்டவர்கள்தான் தமிழ் நாளிதழ்களின் மாவட்டப் பக்கங்களை நிரப்புகிறார்கள். பட்டம் வாங்கியவர்களில் அந்த வேலைக்குப் போனவர் எங்களில் எவருமில்லை.

நான் 1998இல் தெற்கே ஒரு மாவட்டத் தலைநகரில், ஒரு நாளிதழின் அலுவலகத்தில் உதவி ஆசிரியராகச் சேர்ந்தேன். பெண்களுக்கு நைட் டூட்டி கிடையாது என்றார்கள். மகளிர் பக்கத்துக்குக் கோலமும் குறிப்பும் தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். ஆறு மாதம் கேட்டுக் கேட்டுத்தான் மாலை டெஸ்க் கிடைத்தது. சாயந்திரம் ஆறு மணிக்கு வரிசையாகக் காவல் நிலையங்களுக்குப் போன் போட வேண்டும். எடுப்பவர் ஸ்டேஷன் ரைட்டர். “ஏதாச்சும் இருக்கா சார்?” திருட்டு, விபத்து, அடிதடி. அவர் சொல்லச் சொல்ல எழுதி, எட்டு மணிக்குள் கம்போசிங்குக்குக் கொடுத்துவிட வேண்டும்.

1999 கோடையில் ஒரு நாள். தோட்டத்துக் கிணற்றில் விழுந்து இளம்பெண் சாவு என்றார் ரைட்டர். பெயர், வயது, ஊர், தகப்பனார் பெயர் எல்லாம் சொன்னார். எப்படி விழுந்தாள் என்றேன். “தண்ணி எடுக்கப் போயிருக்கு. காதல் கீதல்னு ஏதோ பேசிக்கிறாங்க” என்றார். அடுத்த நிலையத்துக்குப் போன் போட வேண்டியிருந்தது. நான்கு வரி எழுதினேன். நான்காவது வரி: ‘காதல் விவகாரமே இதற்குக் காரணம் எனக் கூறப்படுகிறது.’ கை தானாக எழுதியது. சேப்பாக்கமோ சிவப்பு மையோ அந்த நேரத்தில் எதுவுமே நினைவுக்கு வரவில்லை.

நாலைந்து நாள் கழித்து ஒரு பெரியவர் மாடியேறி வந்தார். தோளில் துண்டு, கையில் மஞ்சள் பை. பைக்குள்ளிருந்து நான்காக மடித்த பேப்பரை எடுத்து என் மேஜையில் விரித்தார். விரலை அந்த வரியில் வைத்தார். படிக்கத் தெரியாதவர். யாரோ படித்துக் காட்டி இடத்தையும் காட்டியிருக்கிறார்கள், அதனால் விரல் சரியாக அந்த வரியில் இருந்தது.

“இதை யாரும்மா சொன்னது?”

அதே வார்த்தைகள். அதே ‘அம்மா’. சார் கேட்டபோது எனக்கு ஒரு மதிப்பெண் போனது. இவருக்குப் போனதை என்னால் எண்ணவே முடியவில்லை. சத்தம் போடவில்லை அவர். போட்டிருந்தால் தாங்கியிருப்பேன். “சொன்னவங்க பேரைச் சொல்லும்மா, நான் போய் அவங்ககிட்ட கேட்டுக்கிடுதேன். சின்னவளைப் பார்க்க ஞாயித்துக்கிழமை வாரதா இருந்தாங்க. வரலை” என்றார்.

ஆசிரியர், மறுப்பு போட்டுவிடலாம் என்றார். மறுப்பு என்றால் உள்பக்கத்தின் அடியில் இரண்டு வரி, ‘என்று உறவினர்கள் தெரிவித்துள்ளனர்’ என்று முடியும். அது போதாது என்று எனக்குப் பட்டது. ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்து அந்த ஊருக்குப் போனேன். கிணற்றைப் பார்த்தேன். சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் கல்படிகள், கோடையில் தண்ணீர் இறங்க இறங்க அடிப்படிகளில் பாசி. அன்று காலை கூடவே குடத்தோடு போன பக்கத்து வீட்டுப் பெண் தன் பெயரைச் சொல்லி, நடந்ததைச் சொன்னாள். கால் வழுக்கியது. குடம் முதலில் விழுந்தது. மறுநாள் காவல் நிலையத்தில் முதல் தகவல் அறிக்கையைக் கேட்டுப் பார்த்தேன். அதிலும் ‘தவறி விழுந்து’ என்றே இருந்தது. பொது ஆவணத்தில் உள்ளதை எழுதலாம் என்று உச்ச நீதிமன்றம் தந்த உரிமையை நோட்டில் எழுதி வைத்திருந்தேன். பொது ஆவணம் ஒன்று சொல்ல, நான் வேறொன்று எழுதியிருந்தேன். மறந்துபோன மறுபாதி அந்தக் கிணற்றடியில்தான் எனக்குப் புரிந்தது.

எட்டு வரி எழுதினேன், யார் பார்த்தார், யார் சொன்னார் என்று பெயர்களோடு. ஆசிரியரிடம் வாதாடி, முதல் செய்தி வந்த மூன்றாம் பக்கத்திலேயே போட வைத்தேன். சின்ன மகளுக்குத் திருமணம் ஆனதா என்று பிறகு விசாரித்தேன். மூன்று வருடம் கழித்து ஆனது. அந்த மூன்று வருடம் என் கணக்கில்தான் இருக்கிறது.

சித்தப்பாவின் கேள்விக்கு என்னிடம் இப்போது பதில் உண்டு, அவர்தான் இல்லை. ‘யார் சொன்னது’ என்று கேட்கும் பழக்கத்தை வேலையிலும் கற்கலாம், ஆனால் வேலையில் தப்பு செய்து கற்கும்போது விலையை வேறு யாரோ கொடுக்கிறார்கள். மதிப்பெண் மட்டும் போகிற இடத்தில், கடற்கரைக்கு மறுபடி போய்வர ஒரு நாள் தருகிற இடத்தில், முதல் தப்புகளைச் செய்து முடிப்பதற்காகத்தான் அந்த இரண்டு வருடம். நான் அங்கே செய்த தப்பை ஒழுங்காகச் செய்து முடிக்கவில்லை. அதனால் வெளியே ஒருமுறை செய்தேன்.

கடந்த சில வருடங்களாக ஒரு கல்லூரியில் இதழியல் மாணவர்களுக்கு வாரம் இரண்டு நாள் வகுப்பெடுக்கிறேன். இன்று அவர்கள் கண்முன் இருக்கிற வேலைகள் எங்கள் காலத்தில் பெயர்கூட இல்லாதவை. ஒரு மாணவன் இப்போது உண்மைச் சரிபார்ப்பு வேலையில் இருக்கிறான், பரவுகிற ஒரு படத்தை எடுத்து அது எந்த ஊரில் எந்த வருடம் எடுத்தது என்று நாள் முழுக்கத் தேடுகிறான். சிலர் கைப்பேசியிலேயே படம்பிடித்து, வெட்டி ஒட்டி, குரல் கொடுத்து, பெரிய அலுவலகங்கள் எட்டிப் பார்க்காத ஊர்களின் சேதியைச் சொல்கிறார்கள். அவர்கள் தாளிலும் அந்தச் சொல் வருகிறது, வேறு உடையில்: ‘சமூக வலைதளங்களில் பரவி வருகிறது’. வட்டமிடுகிறேன்.

அந்தப் பெரியவர் அன்று பேப்பரை மேஜையிலேயே விட்டுப் போனார். அதை வைத்திருக்கிறேன். பெயரையும் ஊரையும் மறைத்து ஒரு நகல் எடுத்து, ஒவ்வொரு ஆண்டும் முதல் வகுப்பில் கொடுத்து, நடந்ததை அப்படியே சொல்கிறேன். இந்த ஆண்டு முன்வரிசையில் இருந்த ஒரு பெண், தென்காசிப் பக்கம், நான் சொல்லி முடித்ததும் எழுந்தாள்.

“மேடம், அந்த ஸ்டேஷன் ரைட்டர்கிட்ட நீங்க திரும்பப் போய்க் கேட்டீங்களா? அவருக்கு யார் சொன்னாங்கன்னு?”

தினமும் சாயந்திரம் அவருக்குப் போன் போட வேண்டியிருந்தது. அவர் முகம் சுளித்தால் செய்தி வராது. முதல் தகவல் அறிக்கையைப் பார்க்கப் போன அன்றுகூட அவர் எதிரிலேயேதான் உட்கார்ந்திருந்தேன்.

“இல்லம்மா. கேட்கலை” என்றேன்.

அவள் உட்கார்ந்து அதை நோட்டில் எழுதிக்கொண்டாள்.